சரியான நோயறிதலைக் கேட்டுப் பெறுவது: வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் அல்ல. வேலூரில் ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். நோயாளிகளின் கோப்புகளை ஒழுங்குபடுத்துவதே என் வேலையாக இருந்ததால், சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் உள்ள உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் தங்கள் சீட்டுகளையும் ஸ்கேன் படங்களையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வருவது வழக்கமாகிவிட்டது. ஊர் வேறு, நோய் வேறு என்றாலும் அவர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட பேச்சிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். எந்த நோய்க்கு எந்த மருந்து என்பது இங்கே இல்லை. தன் நோய் இன்னதென்று சரியாகக் கண்டறியப்படுவதற்கு நோயாளி என்ன செய்ய முடியும் என்பது மட்டுமே இருக்கிறது.

உடம்பு சரியில்லன்னு போறோம், டாக்டர் பாத்து மருந்து குடுக்குறாரு. இதுல நாம சொல்றதுக்கு என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. நோயாளி சொல்லும் விவரத்தைக் கேட்ட பிறகுதான் எந்தப் பரிசோதனையை எழுதுவது, உடம்பில் எந்த இடத்தைத் தேடிப் பார்ப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்கிறார். கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்த நிமிடங்களில் நீங்கள் சொல்லாமல் விட்டதை மருத்துவர் தாமாக ஊகித்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

நம் பக்கத்துக் காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ் வேலூர் வட்டாரத்தில் மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர் மாதங்களிலும் நிறையப் பேருக்கு வருகிறது. புதர்களில் இருக்கும் நுண்ணிய பூச்சியின் இளம் பருவம் கடிப்பதால் இது பரவுகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு உண்டாகலாம். அது வலிக்காது, அக்குளிலோ தொடையிடுக்கிலோ மார்புக்கு அடியிலோ மறைந்திருக்கும், நோயாளியே பார்த்திருக்க மாட்டார். "மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறேன்", "போன வாரம் கரும்பு வெட்டப் போனேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் மருத்துவர் அந்தப் பொருக்கைத் தேடுவார். சொல்லாவிட்டால் வெறும் வைரஸ் காய்ச்சல் என்று அனுப்பப்படும் வாய்ப்பு உண்டு. உரிய மருந்தைக் காலத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் இறங்கிவிடும் இந்தக் காய்ச்சல், தாமதமானால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

டாக்டர் ரூமுக்குள்ள போனதும் எல்லாம் மறந்துடுது. எதை முதல்ல சொல்றது?

அரைப் பக்கத்துக்கு மிகாமல் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். முதல் வரியில், உங்களை அதிகம் வருத்தும் ஒன்று, அது எப்போது தொடங்கியது, அதனால் எந்த வேலையைச் செய்ய முடியாமல் போனது என்று இருக்கட்டும். "முழங்கால் வலி" என்பதைவிட, "தீபாவளிக்குப் பிறகு முழங்கால் வீங்கியது, இப்போது மாடிப்படி ஏற முடியவில்லை" என்பது மருத்துவருக்கு எவ்வளவோ பயன்படும். அதன் பிறகு, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, கூடவே வேறு என்ன இருக்கிறது என்பவற்றைச் சொல்லுங்கள். எடை குறைந்திருந்தாலோ, இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்த்தாலோ, மலத்திலோ சளியிலோ இரத்தம் தெரிந்தாலோ அதை எக்காரணம் கொண்டும் கடைசிக்கு வைக்காதீர்கள். அறையை விட்டு எழும்போது கதவருகே நின்று "இன்னொன்று டாக்டர்" என்று சொல்லப்படுவதுதான் பல நேரங்களில் முக்கியமான செய்தியாக இருக்கிறது.

நோயின் பெயரை நீங்களே சூட்டிவிடாமல், நடப்பதைச் சொல்லுங்கள். "கேஸ் பிரச்சினை டாக்டர்" என்று தொடங்கினால் பேச்சு வயிற்றைச் சுற்றியே போகும். "வேகமாக நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் விட்டுவிடுகிறது" என்று சொன்னால் அவர் இதயத்தைப் பற்றி யோசிப்பார். இரண்டு பேச்சும் ஒரே மனிதருடையவைதான், ஆனால் எழுதப்படும் பரிசோதனைகள் வெவ்வேறு.

செய்யும் தொழிலையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை தோல் தொழிற்கூடங்களில் குரோமிய உப்புகளைக் கையாள்பவர்களுக்கு ஆறாத தோல் அழற்சி வரலாம். தொழிலைச் சொல்லாதவர் களிம்பை மாற்றி மாற்றித் தடவிக்கொண்டே இருப்பார். அதேபோல் மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரை, சித்த மருந்து, லேகியம், யாரோ தந்த பொடி எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டு விழுமோ என்று மறைப்பவர்கள் பலர். மறைத்த மருந்தே நோய்க்குக் காரணமாக இருப்பதும் உண்டு.

ரெண்டு நாள்ல சரியாயிடும்னு அனுப்பிட்டாங்க, ஆகல. திரும்பப் போனா கோவிச்சுக்குவாங்களோ?

கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முதல் நாளில் சொல்லப்படுவது பெரும்பாலும் தற்காலிக முடிவே. நாள் செல்லச் செல்ல நோய் தன்னைக் காட்டிக்கொள்ளும், அப்போது மீண்டும் பார்த்தால்தான் முடிவைத் திருத்த முடியும். எனவே முதலில் அதே மருத்துவரிடம் திரும்பிப் போவது நல்லது. இரண்டு நாளுக்கு ஒரு மருத்துவர் என்று மாறினால் ஒவ்வொருவரும் முதல் நாளைத்தான் பார்ப்பார்கள், நோயின் போக்கை யாரும் பார்க்க மாட்டார்கள்.

முதல் முறை போகும்போதே, எத்தனை நாளில் குறைய வேண்டும், எது ஏற்பட்டால் காத்திருக்காமல் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டெங்குவில் இது உயிர்காக்கும் கேள்வி. அதில் ஆபத்தான கட்டம், காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் வருகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும்போது, விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தக் கசிவு, அசதி மிகுந்த தூக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி கேட்டா டாக்டர மதிக்கலன்னு நினைக்க மாட்டாரா அக்கா?

கேட்கும் விதத்தில் இருக்கிறது. "நீங்கள் சொல்வது சரியா?" என்பது சவாலாக ஒலிக்கும். "டாக்டர், இது என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வேறு எதுவாகவும் இருக்க வாய்ப்பு உண்டா? அதை எப்படி உறுதி செய்வது?" என்பது ஒரு பொறுப்புள்ள நோயாளியின் கேள்வி. இதற்குப் பதில் சொல்லும்போது மருத்துவரும் ஒரு கணம் நின்று தம் முடிவை மறுபடி எண்ணிப் பார்க்கிறார். அந்த ஒரு கணம்தான் நமக்கு வேண்டியது.

என் பணியில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பல சீட்டுகளில் மருந்துப் பெயர்கள் இருக்கும், நோயின் பெயர் இருக்காது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் பார்க்கும்போது அந்த மருந்து எதற்காகத் தரப்பட்டது என்பதே தெரியாது. ஆகவே, "சந்தேகமாக இருந்தாலும் பரவாயில்லை, என்ன நோய் என்பதைச் சீட்டில் எழுதித் தாருங்கள் டாக்டர்" என்று பணிவாகக் கேளுங்கள். நோயின் பெயருக்கு முன்னால் கேள்விக்குறி போட்டிருந்தால் அது உறுதியாகவில்லை, சந்தேகம் மட்டுமே என்று பொருள். அந்தக் குறியைக் கவனிக்காமல் காசநோய் என்றும் புற்றுநோய் என்றும் வீடே அழுததைப் பார்த்திருக்கிறேன்.

கூட யார இட்டுனு போறது?

உங்கள் உடம்பில் ஏற்பட்ட மாற்றத்தை அருகிலிருந்து பார்த்தவரை அழைத்துப் போங்கள். குறட்டை விட்டு மூச்சு நிற்பதும், வலிப்பின்போது கை கால் எப்படி இழுத்தது என்பதும் நோயாளிக்குத் தெரியாது, பார்த்தவர்தான் சொல்ல முடியும். வலிப்பு, நடுக்கம், தூக்கத்தில் மூச்சுத் திணறல் ஆகியவற்றைக் கைப்பேசியில் பதிவு செய்து காட்டினால் அது பல பரிசோதனைகளுக்குச் சமம். ஆனால் வருபவர் உங்களுக்குப் பதிலாகப் பேசுபவராக இருக்கக் கூடாது. நீங்கள் விட்டதை எடுத்துக் கொடுப்பவராகவும், மருத்துவர் சொல்வதை எழுதிக்கொள்பவராகவும் இருந்தால் போதும்.

பொம்பளைங்க வலின்னு சொன்னா "எல்லாருக்கும் இருக்கறதுதானே"ன்னு முடிச்சுடுறாங்க. என்ன பண்றது?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் எழுதுகிறேன். மாதவிலக்கு வலி பலருக்கும் இருப்பது உண்மை. ஆனால் மாதந்தோறும் பள்ளிக்கோ வேலைக்கோ போக விடாத வலியை இயல்பு என்று ஒதுக்கக் கூடாது. கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய், முதல் அறிகுறிக்குப் பல ஆண்டுகள் கழித்தே கண்டறியப்படுவது உலகெங்கும் அறியப்பட்ட குறை. சாதாரண ஸ்கேனில் அது தெரியாமலும் போகலாம். "எத்தனை நாள் படுத்தேன், எத்தனை மாத்திரை போட்டேன், எத்தனை நாப்கின் மாற்றினேன்" என்று மூன்று மாதங்களுக்குக் குறித்து எடுத்துப் போங்கள். வெறும் "வலி" என்று சொன்னால் அலட்சியப்படுத்துபவர்களும் இந்தக் கணக்கை அலட்சியப்படுத்துவது கடினம். மாதவிலக்கு முற்றிலும் நின்ற பிறகு ஒரே ஒரு முறை இரத்தம் பட்டாலும் கண்டிப்பாகக் காட்ட வேண்டும்.

மாரடைப்பிலும் இதே அலட்சியம் நடக்கிறது. பெண்களுக்கு நெஞ்சுவலியோடு, சில வேளைகளில் அது பெரிதாக இல்லாமலே, மூச்சு வாங்குதல், தாடை அல்லது முதுகு வலி, குமட்டல், என்றும் இல்லாத களைப்பு என்று வரலாம். அதைப் பதற்றம் என்று சொல்லி அனுப்பினால், "ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடலாமா டாக்டர்?" என்று கேளுங்கள்.

மாமியாரோ கணவரோ அறைக்குள் இருப்பதால் சொல்ல முடியாத விஷயங்கள் பல பெண்களுக்கு உண்டு. "கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்" என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொன்னால் போதும், மற்றவர்களை அவர்களே வெளியே இருக்கச் சொல்வார்கள். ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது ஒரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை.

டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்துடுச்சு, கஷ்டம் அப்படியே கீது. அப்போ எனக்கு மனசுலதான் நோயா?

எடுத்த பரிசோதனைகள் எதைத் தேடினவோ அது இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ஈசிஜி, நடக்கும்போது வரும் நெஞ்சிறுக்கத்தைக் காட்டாமல் போகலாம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும், உடம்பில் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம், அதை ஃபெரிட்டின் என்ற தனிப் பரிசோதனைதான் காட்டும். இளவயதில் தொடங்கி, விடியற்காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்போடு இருந்து, நடமாடினால் குறையும் முதுகுவலி, தண்டுவட மூட்டுகளின் அழற்சி நோயாக இருக்கலாம். அதில் எக்ஸ்ரே பல ஆண்டுகள் இயல்பாகவே இருக்கலாம். எனவே, "எந்தெந்த நோய் இல்லை என்று இதனால் உறுதியாகிறது? எது இன்னும் மீதி இருக்கிறது?" என்று கேளுங்கள்.

மனம் தொடர்பான நோய் என்று சொன்னால் அதை அவமானமாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வும் பதற்ற நோயும் உண்மையான நோய்கள், உடம்பில் உண்மையான வலியை உண்டாக்குபவை, சிகிச்சையால் குறைபவை. ஆனால் வேறு எதுவும் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் அந்தப் பெயரை ஒட்டிவிடக் கூடாது. தூக்கம், பசி, ஆர்வம், பயம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, எதை வைத்து அப்படி முடிவு செய்தார்கள் என்று விளக்கினால் அது நோயறிதல். நாலாவது பதிலில் சொன்ன கேள்விகளை இங்கும் கேட்கலாம்.

போன வருஷமும் டைபாய்டு, இந்த வருஷமும் டைபாய்டுன்றாங்க. எப்படி?

உங்களுக்குச் செய்தது வைடால் பரிசோதனை மட்டும்தானா என்று பாருங்கள். அது கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை அளக்கிறது. முன்பு எப்போதோ வந்த தொற்றினாலோ தடுப்பூசியினாலோ வேறு காய்ச்சலினாலோகூட அது நேர்மறையாக வரலாம். காய்ச்சலின் முதல் வாரத்தில் உண்மையான டைபாய்டு இருந்தும் எதிர்மறையாக வரலாம். ஒரே ஒரு வைடால் முடிவை வைத்து டைபாய்டு என்று உறுதி செய்வது நம்பத்தக்கதல்ல.

இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர்தான் மேலானது. அதை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும், தொடங்கிவிட்டால் கிருமி வளராமல் போகலாம். காய்ச்சல் நாலைந்து நாளைத் தாண்டினால், "மருந்து தொடங்கும் முன் கல்ச்சர் எடுக்க வேண்டுமா டாக்டர்? உண்ணிக் காய்ச்சலுக்கும் பார்க்க வேண்டுமா?" என்று கேட்பது நம் ஊரில் மிகவும் பொருத்தமானது. காய்ச்சல் எத்தனையாவது நாள் என்பதையும் சரியாகச் சொல்லுங்கள். டெங்குவுக்கு, வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை முதல் சில நாட்களிலும், எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனை ஏறக்குறைய ஐந்து நாட்களுக்குப் பிறகும் பயன்படுவதால், நாள் தவறினால் பரிசோதனையும் தவறும்.

இருமல்தானே, மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போட்டா என்ன தப்பு?

நோயைக் கண்டறியும் முன் தரப்படும் மருந்து சில நேரங்களில் நோயை மறைத்துவிடும். ஃபுளோரோகுயினலோன் வகை ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்குவதால், இருமல் சிறிது குறைந்து, நோய் உள்ளே தொடரும், கண்டறிவது தாமதமாகும். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் அரிப்பு அடங்கும், வட்டம் கலைந்துவிடும், பூஞ்சை பரவும். பிறகு பார்க்கும் தோல் மருத்துவரால் அது என்னவென்று பார்த்த உடன் சொல்ல முடியாது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை கேட்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறு முறைப் பரிசோதனை, கிருமி இருப்பதோடு ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லிவிடும். 2012 முதல் காசநோயைத் தனியார் மருத்துவர்களும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பெயர் பதிவாகிவிடுமே என்று சிலர் அஞ்சுகிறார்கள், ஆனால் அந்தப் பதிவின் வழியாகத்தான் இலவச மருந்தும் தொடர் கண்காணிப்பும் கிடைக்கின்றன.

எடுத்த உடனே சி.எம்.சி.க்கே போயிடலாமா? இல்ல அடுக்கம்பாறையா?

1900இல் அமெரிக்க மிஷனரியான ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் மக்கள் நாள்கணக்கில் பயணம் செய்து வருகிறார்கள். அது நம் வாசலில் இருக்கிறது என்பதாலேயே தலைவலிக்கும் அங்கே வரிசையில் நிற்க வேண்டியதில்லை. புதிய, சாதாரணத் தொந்தரவுக்கு ஆரம்ப சுகாதார நிலையமோ உங்களை அறிந்த பொது மருத்துவரோ போதும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெரும்பாலான பரிசோதனைகளும் சிறப்புப் பிரிவுகளும் உள்ளன, பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமும் இல்லை. எங்கே போவது என்பதே தெரியாதபோது 104 என்ற எண்ணில் அரசின் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது சிறப்புப் பிரிவை நீங்களே ஊகித்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். தலைசுற்றலுக்கு நரம்பியல் என்று மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் அது காது தொடர்பானது என்று தெரிவது சாதாரணமாக நடப்பது. பொது மருத்துவப் பிரிவில் தொடங்கினால் அவர்களே உரிய இடத்துக்கு அனுப்புவார்கள். தோலில் உணர்ச்சியற்ற, நிறம் வெளுத்த படை இருந்தால் மட்டும் தயங்காமல் தொழுநோய்க்குப் பார்க்கச் சொல்லுங்கள். காட்பாடிக்கு அருகே 1955இல் தொடங்கப்பட்ட கரிகிரி மருத்துவமனை அதற்கென்றே பெயர் பெற்றது. தொடக்கத்தில் கண்டறிந்தால் ஊனமின்றி முழுமையாகக் குணமாகும் நோய் அது.

பழைய ரிப்போர்ட் மூட்டை மூட்டையா கீது. எல்லாத்தையும் தூக்கினு போகணுமா?

எடுத்துப் போங்கள், ஆனால் மூட்டையாக வேண்டாம். தேதிவாரியாக அடுக்கி, அண்மையது மேலே இருக்கும்படி கோப்பில் வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைசிகிச்சைக் குறிப்பு, பயாப்ஸி எனப்படும் சதைப் பரிசோதனையின் முடிவு, ஸ்கேன் படம் அல்லது குறுந்தகடு ஆகிய நான்கும் முக்கியம். மற்ற இரத்தப் பரிசோதனைகளை ஒரே தாளில் தேதியும் அளவும் போட்டு எழுதிவிட்டால், ஹீமோகுளோபின் 12இலிருந்து 11, பிறகு 9 என்று இறங்கிய போக்கு ஒரே பார்வையில் தெரியும். தனித்தனித் தாளில் அது யார் கண்ணிலும் படாது. புற்றுநோய் என்ற சந்தேகத்தில் இரண்டாவது கருத்து கேட்பவர்கள், பயாப்ஸி செய்த இடத்தில் கண்ணாடி ஸ்லைடுகளையும் எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிப் போனால், மறுபடி சதை எடுக்காமலே இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவர் பார்த்துச் சொல்ல முடியும்.

கேட்டா ரெக்கார்டு தர மாட்டேன்றாங்களே?

2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மருத்துவர் மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாயால் கேட்டு அலையாமல், பெயர், மருத்துவமனை எண், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி ஆகியவற்றோடு ஒரு கடிதம் எழுதி, ஆவணப் பிரிவிலோ கண்காணிப்பாளர் அலுவலகத்திலோ கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். முத்திரை கேட்டாலே பாதி இடங்களில் வேலை நடந்துவிடுகிறது. அரசு மருத்துவமனையாக இருந்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம்.

எனக்கு இல்லாத ஆஸ்துமாவ இருக்குன்னு சம்மரில எழுதிட்டாங்க. விட்டுடலாமா?

விடாதீர்கள். ஒரு சீட்டில் "ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்" என்று எழுதப்பட்டால், அடுத்து எழுதுபவர் அதைப் பார்த்து எழுதுவார், அவரைப் பார்த்து அடுத்தவர் எழுதுவார். நாலாவது சீட்டில் அது மறுக்க முடியாத உண்மைபோல் நிற்கும். பிறகு இதயக் கோளாறினால் மூச்சு வாங்கினாலும் ஆஸ்துமா என்றே பார்க்கப்படும் ஆபத்து உண்டு. அதே பிரிவுக்குப் போய், எது தவறு, எதனால் தவறு என்று எழுதிக் கொடுத்துத் திருத்தம் கேளுங்கள். பழைய பக்கத்தைக் கிழிக்க மாட்டார்கள், கிழிக்கவும் கூடாது. மருத்துவர் தேதியிட்டுத் திருத்தக் குறிப்பு எழுதிக் கையெழுத்திடுவதே முறை.

வேற டாக்டர்கிட்ட போனா, மொதல் டாக்டர் சொன்னத மறைச்சாதான் நேர்மையா பாப்பாங்களா?

இரண்டாவது கருத்து கேட்பது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் கூறுகிறது. ஆகவே அதை ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை. அறிக்கைகளை மறைத்தால் அதே பரிசோதனைகளுக்கு மறுபடி செலவு செய்வீர்கள், எந்த மருந்து பலிக்கவில்லை என்ற முக்கியத் தகவலும் போய்விடும்.

ஆனாலும் இந்தக் கேள்விக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. நோயின் பெயரை முதலில் கேட்டுவிட்டால் எவருடைய சிந்தனையும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். எனவே இரண்டாவது பதிலில் சொன்னபடி தொந்தரவிலிருந்து தொடங்குங்கள். அவர் கேட்டு முடித்த பிறகு கோப்பைக் கொடுத்து, "முன்பு பார்த்தவர் இப்படி நினைத்தார், உங்கள் கருத்து வேறானால் எதனால் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

இவ்ளோ டெஸ்ட் எழுதறாங்க. தேவைதானா?

ஒவ்வொன்றுக்கும், "இதன் முடிவு எப்படி வந்தால் சிகிச்சை மாறும்?" என்று கேளுங்கள். எப்படி வந்தாலும் மாறாது என்றால் அதைத் தள்ளிப்போடலாமா என்று பேசலாம். தொந்தரவு உள்ளவர் மாஸ்டர் செக்கப் எனப்படும் முழு உடல் பரிசோதனை செய்துகொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது பொதுவாகத் தேடுவது, உங்கள் தொந்தரவைத் தேடுவது அல்ல. அந்தப் பணத்தில் நல்ல பொது மருத்துவர் ஒருவரை இரண்டு முறை பார்த்துவிடலாம்.

அப்பாவுக்கு கேன்சரோன்னு சந்தேகம். அவர்கிட்ட சொல்லாதீங்கன்னு டாக்டர்கிட்ட கேக்கலாமா?

அன்பினால் கேட்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் எங்கே வலிக்கிறது, எப்போது இரத்தம் வந்தது, மருந்துக்குப் பின் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரியாதவர், பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று பாதியை மறைத்துவிடுவார். பயாப்ஸிக்கும் அறுவைசிகிச்சைக்கும் ஒப்புதல் தர வேண்டியவரும் அவரே. "எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவரிடமே கேளுங்கள் டாக்டர்" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். விவரம் வேண்டாம், மகனிடம் சொல்லுங்கள் என்று அவர் சொன்னால் அது அவருடைய முடிவு.

நெஞ்சு வலிக்கும்போதும் இப்படி எழுதிக்கினு இருக்கணுமா?

கூடாது. வியர்வையோடு நெஞ்சிறுக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், நினைவிழப்பு ஆகியவற்றுக்கு உடனே 108ஐ அழைக்க வேண்டும். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியிருப்பதால், நோயாளி கடைசியாக இயல்பாக இருந்த நேரத்தை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

எல்லாரும் ஒண்ணுமில்லன்னுட்டாங்க. இன்னும் எவ்ளோ நாள் அலையறது?

முழு விவரத்தையும் ஆவணங்களையும் பார்த்த இரண்டு மூன்று மருத்துவர்கள், ஒருவரை ஒருவர் சாராமல், ஆபத்தான நோய் இல்லை என்று சொன்னால், தேடலை நிறுத்தி வைப்பது தோல்வி ஆகாது. பெயர் தெரியாமலே குறையும் தொந்தரவுகள் உண்டு, காலம் சென்ற பின்பே அடையாளம் காட்டும் நோய்களும் உண்டு. வலியையும் தூக்கமின்மையையும் குறைக்கும் சிகிச்சையை அதுவரை மறுக்காதீர்கள். ஒருவரையே பொறுப்பான மருத்துவராக வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையும் தொந்தரவும் பார்க்கப்படும்படி தேதி வாங்கிக்கொள்ளுங்கள். புதிய அறிகுறி ஒன்று வந்தால் பழைய முடிவு அதைக் கட்டுப்படுத்தாது. அன்றே போய், "இது முன்பு இல்லாதது" என்ற சொற்களோடு தொடங்குங்கள்.

தப்பா கண்டுபிடிச்சதால ரொம்ப கஷ்டப்பட்டோம். யார்கிட்ட முறையிடறது?

முதலில் மருத்துவமனைத் தலைமைக்கு எழுத்தில் கொடுங்கள். மருத்துவரின் நடத்தை பற்றியதானால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமும், இழப்பீடு கேட்பதானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திடமும் போகலாம். கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கு அது பொருந்தாது. நுகர்வோர் ஆணையத்துக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டுகள்.

ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். நோயறிதல் தவறியது என்பது மட்டுமே கவனக்குறைவு ஆகாது. தீர்மானிப்பதில் நேர்ந்த பிழையை மட்டுமே வைத்து அலட்சியம் என்று கருத முடியாது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. அந்தச் சூழ்நிலையில் ஒரு சாதாரண மருத்துவர் செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டதைக் காட்ட வேண்டும், அதற்கு வேறொரு மருத்துவரின் கருத்தும் வேண்டியிருக்கலாம். எனவே புகார் எழுதும் முன்பே, மேலே சொன்ன முறையில் எல்லா ஆவணங்களின் நகலையும் பெற்றுவிடுங்கள். வழக்கு எவ்வளவு நாள் நடந்தாலும், சரியான நோயறிதலையும் சிகிச்சையையும் வேறிடத்தில் உடனே தொடங்கிவிட வேண்டும், தீர்ப்புக்காக அதை நிறுத்தி வைக்கக் கூடாது.